−5 முதல் +5 வோல்ட் வரை செல்லும் துடிப்பை ஆப்-ஆம்ப் மூலம் 0 முதல் 3.3 வோல்ட்டுக்குள் நகர்த்துவது எப்படி?

கேள்வி – எழுதியவர்: செய்முறைக்கூடம்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முதுநிலை மாணவர்களுக்கான செய்முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் உள்ள பழைய உணர்கருவிப் பெட்டியின் வெளியீடு ஓய்வு நிலையில் −5 வோல்ட்டில் நிற்கிறது; ஒவ்வொரு நிகழ்வின்போதும் ஏறத்தாழ 20 மைக்ரோ விநாடி அகலமுள்ள, உச்சி தட்டையான ஒரு துடிப்பைத் தருகிறது. துடிப்பின் உச்சி −2 வோல்ட்டிலிருந்து +5 வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் அமையலாம், அந்த உயரத்தை அளப்பதே செய்முறையின் நோக்கம். விநாடிக்குச் சில நூறு துடிப்புகள் முதல் 5,000 துடிப்புகள் வரை வரும்.

இதனை எஸ்.டி.எம்.32 எஃப்.103 மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் 12 பிட் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) உள்ளீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பதால், 0 முதல் 3.3 வோல்ட்டுக்குள் சுருக்கி நகர்த்த ஒரு சுற்று அமைத்தேன். எல்.எம்.358 ஆப்-ஆம்ப்பின் (செயல்பாட்டுப் பெருக்கியின்) மைனஸ் உள்ளீட்டுக்குத் துடிப்பை 30 கிலோ ஓம் வழியாகக் கொடுத்து, பின்னூட்டத்திற்கு (வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு) 10 கிலோ ஓம் வைத்து, பிளஸ் உள்ளீட்டுக்கு 1.24 வோல்ட் நிலையான அழுத்தம் கொடுத்திருக்கிறேன். கணக்கின்படி −5 வோல்ட்டுக்கு 3.3 வோல்ட்டும் +5 வோல்ட்டுக்கு 0 வோல்ட்டும் வர வேண்டும். துடிப்பு தலைகீழாவதைப் பற்றிக் கவலையில்லை, நிரலில் திருப்பிக்கொள்ளலாம்.

ஆனால் ஆப்-ஆம்ப்பை 3.3 வோல்ட் மின்வழங்கலில் இயக்கியபோது, அலைக்காட்டியில் மேல்நிலை 1.9 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை, கீழ்நிலை 0.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் இல்லை. மின்வழங்கலை 5 வோல்ட்டாக உயர்த்தியதும் மேல்நிலை 3.3 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. கீழ்நிலை மட்டும் அதே 0.7 வோல்ட்டில் நிற்கிறது, துடிப்பின் விளிம்புகளும் செங்குத்தாக இல்லாமல் ஏறத்தாழ 9 மைக்ரோ விநாடி நீளத்திற்குச் சாய்ந்து கிடக்கின்றன. மின்தடைகளை இருமுறை அளந்து சரிபார்த்துவிட்டேன். தவறு எங்கே இருக்கிறது என்று விளக்கினால் மாணவர்களுக்கும் அதையே எடுத்துச் சொல்வேன்.

மறுமொழி – எழுதியவர்: பழைய சாலிடர்

வணக்கம் ஐயா. உங்கள் கணக்கில் தவறில்லை. பாடநூலில் உள்ள ஆப்-ஆம்ப்புக்கு எந்த எல்லையும் கிடையாது, எல்.எம்.358-க்கு மூன்று எல்லைகள் உண்டு, நீங்கள் மூன்றையும் ஒரே சுற்றில் தொட்டிருக்கிறீர்கள்.

முதலாவது மேல்நிலை. எல்.எம்.358-இன் வெளியீடு அதன் மின்வழங்கலுக்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கீழே நின்றுவிடும். 3.3 வோல்ட்டில் இயக்கினால் 1.8 அல்லது 1.9 வோல்ட்தான் கிடைக்கும், 5 வோல்ட்டில் இயக்கினால் 3.5 வோல்ட் வரை போகும். நீங்கள் கண்டது இதுவே.

இரண்டாவது கீழ்நிலை, இதுதான் பலரையும் குழப்புவது. எல்.எம்.358 ஒற்றை மின்வழங்கலிலும் கிரவுண்ட் வரை இறங்கும் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ள உள்ளே இருக்கும் மின்னோட்ட மூலம் ஏறத்தாழ 50 மைக்ரோ ஆம்பியர் அளவே தாங்கும். அதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் வெளியீட்டு பி.என்.பி. டிரான்சிஸ்டர் வேலை செய்தாக வேண்டும், அது கிரவுண்டிலிருந்து ஒரு டையோடு வீழ்ச்சிக்கு, அதாவது ஏறத்தாழ 0.7 வோல்ட்டுக்கு, மேலேயே நிற்கும். உங்கள் சுற்றில் உள்ளீடு +5 வோல்ட்டில் இருக்கும்போது மைனஸ் முனை 1.24 வோல்ட்டில் இருப்பதாகக் கொண்டால், 30 கிலோ ஓம் வழியே 125 மைக்ரோ ஆம்பியர் பாய்கிறது. அவ்வளவும் பின்னூட்ட மின்தடை வழியே ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்குள்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. 50-க்குப் பதில் 125 வந்தவுடன் வெளியீடு 0.7 வோல்ட்டில் மாட்டிக்கொள்கிறது. எதையும் வெளியே இணைக்கவில்லையே, சுமை எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் பின்னூட்ட மின்தடையும் ஒரு சுமை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது விளிம்புகளின் சாய்வு. ஓர் ஆப்-ஆம்ப்பின் வெளியீடு ஒரு மைக்ரோ விநாடியில் அதிகபட்சம் எத்தனை வோல்ட் நகர முடியும் என்பதை ஸ்லூ ரேட் என்கிறோம். பழைய எல்.எம்.358-க்கு அது 0.3 வோல்ட்தான். 3.3 வோல்ட்டிலிருந்து 0.7 வோல்ட்டுக்கு இறங்க 2.6 வோல்ட் நகர வேண்டும், 2.6-ஐ 0.3-ஆல் வகுத்தால் 8.7 மைக்ரோ விநாடி. நீங்கள் அளந்த 9 மைக்ரோ விநாடியோடு பொருந்துகிறது அல்லவா? 20 மைக்ரோ விநாடித் துடிப்பில் பாதி விளிம்பிலேயே போய்விடுகிறது.

கையில் டி.எல்.072 என்ற வேறோர் ஆப்-ஆம்ப் இருக்கிறதே, அது வேகமானதாயிற்றே என்று மாற்றிப் பொருத்திவிட வேண்டாம். அது வேகமானதுதான், ஆனால் அதன் உள்ளீடும் வெளியீடும் மின்வழங்கலின் இரு முனைகளுக்கு அருகில் வேலை செய்யாது, 3.3 வோல்ட்டில் அதற்கு மூச்சுவிடவே இடமில்லை. அதனை ±12 வோல்ட்டில் இயக்கினாலோ, ஏதோ ஒரு கம்பி கழன்ற நொடியில் பத்து வோல்ட்டுக்கு மேல் நேரே ஏ.டி.சி. உள்ளீட்டில் இறங்கிவிடும். அந்தப் பலகையில் ஏ.டி.சி. உள்ளீடாகப் பயன்படும் முனைகள் 5 வோல்ட்டைக்கூடத் தாங்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல.

மறுமொழி – எழுதியவர்: மின்னோடை

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. துடிப்பை முதலில் இரண்டு மின்தடைகளால் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாக அனுப்பி, மறுபுறத்தை 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளால் 1.65 வோல்ட்டில் நிறுத்திவிட்டால் போதும். ஒலிப்பெருக்கிச் சுற்றுகளில் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்துவருகிறேன், ஒருமுறையும் ஏமாற்றியதில்லை.

மறுமொழி – எழுதியவர்: அளவுகோல்

மின்னோடை அவர்கள் சொல்லும் முறை ஒலிக்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் ஒலி அலையின் சராசரி எப்போதும் சுழியம். இங்கே வருவது எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் துடிப்பு. மின்தேக்கி மாறாமல் நிற்கும் மின்னழுத்தத்தைக் கடத்தாது, ஆகவே அதற்கு அப்பால் அலையின் சராசரிதான் 1.65 வோல்ட்டில் வந்து உட்காரும், ஓய்வு நிலை அன்று.

எண்ணிக்கையில் பார்ப்போம். 10 வோல்ட் உயரமும் 20 மைக்ரோ விநாடி அகலமும் உள்ள துடிப்பு விநாடிக்கு 5,000 முறை வந்தால், மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு துடிப்பு மேலே இருக்கிறது. அப்போது ஓய்வு நிலை சராசரிக்கு 1 வோல்ட் கீழே போய்விடும், உச்சி சராசரிக்கு 9 வோல்ட் மேலே நிற்கும். அதே துடிப்பு விநாடிக்கு 500 முறை வந்தால் ஓய்வு நிலை 0.1 வோல்ட் மட்டுமே இறங்கும், உச்சி 9.9 வோல்ட்டில் இருக்கும். அதாவது நிகழ்வுகளின் எண்ணிக்கை மாறியதால் மட்டுமே ஒரே உயரமுள்ள துடிப்பு 0.9 வோல்ட் வேறுபாட்டோடு பதிவாகும் (மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதற்கு முந்தைய கணக்கில்). உயரத்தை அளக்கும் செய்முறைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. மாணவர் அதனை உணர்கருவியின் பண்பு என்றே எழுதிவைத்துவிடுவார். இங்கு நேரடி இணைப்புதான் வேண்டும்.

நேரடி இணைப்பு என்றாலும், உயரத்தைக் குறைத்து நகர்த்துவதற்கு ஆப்-ஆம்ப் கட்டாயமில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பெருக்கம் தேவைப்படும் இடத்தில்தான் அது இன்றியமையாதது. உங்களுக்கு வேண்டியது மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவதும் 1.65 வோல்ட் மேலே தூக்குவதும் மட்டுமே, அதனை மூன்று மின்தடைகள் செய்துவிடும். ஒரு புள்ளியில் மூன்றையும் சேர்க்கிறோம்: துடிப்பிலிருந்து 15 கிலோ ஓம், 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், கிரவுண்டிலிருந்து 30 கிலோ ஓம். உள்ளீடு −5 வோல்ட்டில் இருக்கும்போது 3.3 வோல்ட்டிலிருந்து வரும் 0.33 மில்லி ஆம்பியரை உள்ளீட்டுக் கிளை அப்படியே இழுத்துக்கொள்வதால் அந்தப் புள்ளி சுழியத்தில் நிற்கிறது. உள்ளீடு +5 வோல்ட்டுக்கு ஏறினால் புள்ளி 3.3 வோல்ட்டுக்கு வருகிறது, அப்போது 10 கிலோ ஓம் வழியே ஏறத்தாழ மின்னோட்டமே இல்லை. துல்லியமாகக் கணக்கிட்டால் −0.017 முதல் 3.317 வோல்ட் வரை.

இந்த இரு ஓரங்களும் ஏ.டி.சி.யின் எல்லையைச் சற்றே தாண்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 10 கிலோ ஓமுக்குப் பதில் 9.1, 30-க்குப் பதில் 24 என்று மாற்றினால் வீச்சு 0.13 முதல் 3.19 வோல்ட்டுக்குள் அடங்கும், இரு பக்கமும் இடம் கிடைக்கும். ஒரு சதவீத மின்தடைகளையே பயன்படுத்துங்கள்.

இந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் மூலத்தின் மின்தடை 5 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஏ.டி.சி.யின் உள்ளே 8 பிக்கோ ஃபாரட் அளவுள்ள மாதிரி மின்தேக்கி இருக்கிறது, அதனை நிரப்ப நேரம் கொடுக்க வேண்டும். ஏ.டி.சி. கடிகாரத்தை 12 மெகா ஹெர்ட்ஸில் வைத்து, மாதிரி எடுக்கும் நேரத்தை 7.5 சுழற்சியாகத் தேர்ந்தெடுத்தால் 7 கிலோ ஓம் வரை தாங்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் 20 சுழற்சி, அதாவது 1.67 மைக்ரோ விநாடி ஆகும். ஒரு துடிப்புக்குள் 12 மாதிரிகள் கிடைக்கும்.

இதனைச் சோதிக்கும்போது அலைக்காட்டியின் புரோபை பத்து மடங்கு நிலையில் வைத்துப் பாருங்கள். ஒரு மடங்கு நிலையில் புரோபும் அதன் கேபிளும் சேர்ந்து நூறு பிக்கோ ஃபாரட் அளவுக்குச் சுமை ஏற்றும், 5 கிலோ ஓமோடு சேர்ந்து அரை மைக்ரோ விநாடித் தாமதம் உண்டாகும். சுற்றில் இல்லாத குறையைச் சுற்றின் மேல் ஏற்றிவிடக் கூடாது.

மறுமொழி – எழுதியவர்: செய்முறைக்கூடம்

இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. 125 மைக்ரோ ஆம்பியர் விளக்கத்தைப் படித்தபின் 30 கிலோ ஓமை 300 ஆகவும் 10 கிலோ ஓமை 100 ஆகவும் மாற்றிப் பார்த்தேன், கீழ்நிலை கிரவுண்டுக்கு மிக அருகில் இறங்கிவிட்டது. விளிம்புகள் மட்டும் எதிர்பார்த்தபடியே சாய்ந்திருக்கின்றன. கண் முன்னே காரணம் நிரூபணமானதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

மூன்று மின்தடைச் சுற்றையும் பொருத்தினேன், சொன்ன அளவுகளே வந்தன. ஆனால் இரண்டு காரணங்களால் ஆப்-ஆம்ப்பை முற்றிலும் விட முடியவில்லை. ஆப்-ஆம்ப் மூலம் மின்னழுத்த நிலையை நகர்த்துவது இந்தச் செய்முறையின் பாடப்பகுதி. மாணவர் அதனைத் தம் கையால் கட்ட வேண்டும். அத்துடன், சுற்றுப் பெட்டி உணர்கருவியின் அருகிலும் மைக்ரோகண்ட்ரோலர் பலகை கணினி மேசையிலும் இருப்பதால் இடையே 2 மீட்டர் கோ-ஆக்சியல் கேபிள் செல்கிறது. இதற்கேற்ற ஆப்-ஆம்ப் எது, அதனை எப்படி இணைக்க வேண்டும்?

மறுமொழி – எழுதியவர்: பழைய சாலிடர்

கேபிளைப் பற்றிச் சொன்னது நல்லது. அவ்வகைக் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோ ஃபாரட் கொண்டது. 2 மீட்டருக்கு 200 பிக்கோ ஃபாரட், அது 5 கிலோ ஓமோடு சேர்ந்தால் 1 மைக்ரோ விநாடி நேர மாறிலி (மின்னழுத்தம் புதிய நிலையை நெருங்கும் வேகத்தின் அளவு). 12 பிட் துல்லியத்திற்கு அடங்க இதைப் போல் ஒன்பது மடங்கு நேரம் வேண்டும் என்பதால் துடிப்பில் ஏறக்குறைய பாதி வீணாகும். அளப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால், ±5 வோல்ட் துடிப்பை அப்படியே கேபிளில் அனுப்பி, மூன்று மின்தடைகளையும் பலகையின் முனையில் வைப்பதே சிறந்தது. பெரிய அளவைக் கொண்டுபோய் சேருமிடத்தில் சுருக்குவது எப்போதும் நல்ல பழக்கம். பாடமே ஆப்-ஆம்ப் என்பதால், அதனை ஒழுங்காகச் செய்வோம்.

எம்.சி.பி.6022 என்ற ஆப்-ஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கால் டி.ஐ.பி. வடிவிலும் கிடைப்பதால் பிரெட்போர்டில் செருகலாம். 2.5 முதல் 5.5 வோல்ட் வரை இயங்கும், உள்ளீடும் வெளியீடும் மின்வழங்கலின் இரு ஓரம் வரை செல்லும், அலைப்பட்டை 10 மெகா ஹெர்ட்ஸ், ஸ்லூ ரேட் மைக்ரோ விநாடிக்கு 7 வோல்ட். அதே குடும்பத்து எம்.சி.பி.6002 கடைகளில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் ஸ்லூ ரேட் 0.6 வோல்ட்தான், பெயரின் ஒற்றுமையைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். பலகையின் அதே 3.3 வோல்ட்டில் இயக்குங்கள். அப்படிச் செய்தால் உள்ளீட்டில் என்ன வந்தாலும் வெளியீடு 3.3 வோல்ட்டைத் தாண்ட வழியில்லை, ஏ.டி.சி.க்கு இதைவிடப் பாதுகாப்பு வேறெதுவும் வேண்டாம்.

நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த, துடிப்பைத் தலைகீழாகப் புரட்டும் சுற்றையே வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல தேர்வு. அதில் மைனஸ் முனை எப்போதும் பிளஸ் முனையின் நிலையான அழுத்தத்திலேயே நிற்பதால், வெளியே −5 வோல்ட் வந்தாலும் ஆப்-ஆம்ப்பின் கால் எதிர்மறை அழுத்தத்தைப் பார்ப்பதே இல்லை. உணர்கருவி இயங்கிக்கொண்டிருக்க, பலகையின் மின்சாரம் மட்டும் நின்றுபோனாலும் 30 கிலோ ஓம் மின்னோட்டத்தை 0.2 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்திவிடும்.

மாற்ற வேண்டியது அளவுகளை. ஓய்வு நிலை சரியாக 3.3 வோல்ட்டில் விழும்படி வைத்திருக்கிறீர்கள், அதாவது துடிப்பு வராத நேரமெல்லாம் ஆப்-ஆம்ப் தன் மேல் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டி நிற்கும் ஆப்-ஆம்ப் துடிப்பு வந்தவுடன் அசையாது, உள்ளே திணறிய பகுதிகள் மீள ஒரு நேரம் எடுக்கும், அந்த நேரமும் நிலையானதாக இருக்காது. ஆகவே பின்னூட்டத்தை 8.2 கிலோ ஓமாகக் குறையுங்கள், உள்ளீடு 30 கிலோ ஓமாகவே இருக்கட்டும். பெருக்கம் 0.273 ஆகும். பிளஸ் முனைக்கு 3.3 வோல்ட்டிலிருந்து 5.1 கிலோ ஓமும் கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓமும் வைத்துப் பிரித்தால் 1.296 வோல்ட் கிடைக்கும், அதற்கு ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். இப்போது −5 வோல்ட்டுக்கு 3.02 வோல்ட்டும், சுழியத்திற்கு 1.65 வோல்ட்டும், +5 வோல்ட்டுக்கு 0.28 வோல்ட்டும் வரும். இரு ஓரத்திலும் கால் வோல்ட்டுக்கு மேல் இடம் இருக்கிறது. 2.73 வோல்ட் நகர 0.4 மைக்ரோ விநாடி போதும்.

இந்த 1.296 வோல்ட்டுக்குத் தனியாக மேற்கோள் மின்னழுத்த ஐ.சி. எதுவும் வாங்காதீர்கள். ஏ.டி.சி. தன் 3.3 வோல்ட்டை அளவுகோலாகக் கொண்டே எண்ணுகிறது, நம் பிரிப்பானும் அதே 3.3 வோல்ட்டிலிருந்து வருகிறது. அது 3.25 ஆகக் குறைந்தாலும் சுழிய உள்ளீட்டுக்கான எண் 2048-ஐ (12 பிட்டின் 4096 படிகளில் பாதியை) ஒட்டியே இருக்கும்.

இனி நுட்பமான இரண்டு இடங்கள். பிரெட்போர்டின் துளைகளும் ஆப்-ஆம்ப்பின் காலும் சேர்ந்து மைனஸ் முனையில் சில பிக்கோ ஃபாரட் தங்கும், அது பின்னூட்டத்தைத் தாமதப்படுத்தி விளிம்பின் முடிவில் அலையை மேலும் கீழும் ஆட வைக்கும். 8.2 கிலோ ஓமுக்கு இணையாக 10 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் அடங்கிவிடும். அடுத்தது, ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டை நேரே கேபிளில் இணைத்தால் 200 பிக்கோ ஃபாரட் சுமையும் அதே ஆட்டத்தை உண்டாக்கும். இடையே 100 ஓம் ஒன்றைத் தொடராக வைத்துவிடுங்கள், இதனால் கூடும் தாமதம் 20 நானோ விநாடி மட்டுமே.

ஐ.சி.யின் உள்ளே இருக்கும் இரண்டாவது ஆப்-ஆம்ப்பைச் சும்மா விடாமல், அதன் வெளியீட்டை அதன் மைனஸ் முனையோடும், பிளஸ் முனையை அந்த 1.296 வோல்ட்டோடும் இணையுங்கள். மின்வழங்கல் காலுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்று கட்டாயம்.

மறுமொழி – எழுதியவர்: செய்முறைக்கூடம்

இன்று சொன்னபடியே கட்டி முடித்தேன். ஓய்வு நிலையில் 3.01 வோல்ட், முழுத் துடிப்பின்போது 0.29 வோல்ட், விளிம்பு அரை மைக்ரோ விநாடிக்குள் முடிகிறது. 10 பிக்கோ ஃபாரட் மின்தேக்கியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது விளிம்பின் முடிவில் அலை மூன்று நான்கு முறை ஆடி அடங்கியது, மீண்டும் வைத்ததும் ஆட்டம் நின்றது. அதனை எடுத்தும் வைத்தும் மாணவர்களே பார்க்கும்படி ஒரு சிறு இணைப்பியை அந்த இடத்தில் அமைத்திருக்கிறேன்.

மூலத்தின் மின்தடை இப்போது 100 ஓம் அளவே என்பதால் மாதிரி எடுக்கும் நேரத்தை 1.5 சுழற்சியாகக் குறைக்க முடிந்தது. ஒரு துடிப்புக்குள் 17 மாதிரிகள் கிடைக்கின்றன. விளிம்பில் விழும் முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியை உயரமாக எடுக்கிறேன். ஏ.டி.சி.யின் ஒரு படி, உணர்கருவிப் பக்கத்தில் ஏறத்தாழ 3 மில்லி வோல்ட். நிலையான −5, 0, +5 வோல்ட்டுகளை நல்ல மல்டிமீட்டரால் அளந்து கொடுத்து, கிடைத்த மூன்று எண்களைக் கொண்டு நேர்கோட்டை வரைந்து, அதன் சரிவையே நிரலில் இட்டிருக்கிறேன். துடிப்பு தலைகீழாக இருப்பதும் அந்தச் சரிவின் மைனஸ் குறியிலேயே சரியாகிவிடுகிறது.

துடிப்புகளின் எண்ணிக்கையை 500-லிருந்து 5,000-க்கு உயர்த்தி, ஒரே உயரத்தை மீண்டும் மீண்டும் அளந்தேன். வேறுபாடு ஓரிரு படிகளுக்கு மேல் இல்லை. மின்னோடை அவர்கள் சொன்ன மின்தேக்கி முறையையும் தனிப் பலகையில் கட்டிவைத்திருக்கிறேன். எண்ணிக்கை கூடும்போது ஓய்வு நிலை கீழே நழுவுவதை மாணவர்கள் முதலில் அதில் பார்த்துவிட்டு, அதன்பின் நேரடி இணைப்புக்கு வரும்படி செய்முறையின் வரிசையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.